புட்டி மருந்தால் பவளம் பிழைக்காது

பவளத் தொட்டியில் பாசி படர்ந்தால் ஊற்றுங்கள் என்று கடைகளில் விதவிதமான புட்டிகளை விற்கிறார்கள். அவற்றை வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வாங்கியே தீரவேண்டிய நேரம் ஒன்று உண்டு, அதையும் சொல்கிறேன். ஆனால் பெரும்பாலோர் அந்த நேரம் வருவதற்கு வெகு முன்பே வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். பாசி போகிறது, கூடவே பவளமும் போகிறது.

பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஈசூனில் எங்கள் வீவக வீட்டு வரவேற்பறையில் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். சொட்டுச் சொட்டாகக் கரைசலை விட்டு, நிறம் மாறும் இடத்தைப் பிடித்துக் கணக்குப் போடுவது என் பழைய வேலை. அதனால் தொட்டி வைத்திருக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிறிய பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் கைப்பேசியில் பாசியின் படத்தைக் காட்டுவார்கள். பவளத்தின் படம் இருக்கிறதா என்று கேட்பேன். பலரிடம் இருக்காது.

பவளம் ஒரு விலங்கு. அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன, ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து இலட்சம் என்ற கணக்கில். வெளிச்சத்தில் அவை தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. ஆழமில்லாத தெளிந்த நீரில் பவளத்தின் சக்தித் தேவையில் 90 விழுக்காடு வரை அப்படிக் கிடைத்துவிடும். சூடும் வெளிச்சமும் அளவுக்கு மிஞ்சினால் நுண்பாசியின் ஒளிச்சேர்க்கை தறிகெட்டு, சதையை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பிறக்கின்றன. வேறு வழியில்லாமல் பவளம் அந்தப் பாசிகளை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகிறது. வெளுத்ததும் செத்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கிறது. சூட்டைத் தணித்து, வெளிச்சத்தைக் குறைத்து, நுண்ணிய உணவு கொடுத்தால் தேறி வரும். கவனிக்காமல் விட்டால் சதை சுருங்கி எலும்பு வெளியே தெரியும். பாசி வந்து ஒட்டுவது அந்த எலும்பின் மீதுதான். உயிருள்ள சதைமேல் அது எளிதில் ஏறாது. பவளம் சளியைச் சுரந்து உதறிவிடும். கிளையின் அடியில் பச்சையாக மயிர் முளைத்திருந்தால், அந்த இடத்தில் பவளம் முன்பே இறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பவளத்தை. ஹேமர் என்று கடைகளில் சொல்லும் பவளத்தை எடுத்துக்கொள்வோம். விளக்கு எரியத் தொடங்கியதும் அதன் கைகள் மெல்ல உப்பி, நுனியில் சுத்தியல் தலைபோல் விரிந்து, நீரோட்டத்தில் ஒரே சீராக ஆடவேண்டும். நண்பகல் கடந்தும் பாதி விரிந்த நிலையிலேயே நிற்கிறதா? கைகளுக்குக் கீழே எலும்பின் விளிம்பு கத்திபோல் வெண்மையாகத் தெரிகிறதா? வாயிலிருந்து வெள்ளை நூல்கள் தொங்குகின்றனவா? இவையெல்லாம் பாசி வருவதற்குச் சில வாரங்கள் முன்பே தெரியும் அடையாளங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தொட்டிக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பாது.

நம் ஊரில் முதல் எதிரி சூடு. சிங்கப்பூரின் தென் தீவுகளில் 1998, 2010, 2016, 2024 என்று பவளங்கள் பெருமளவில் வெளுத்திருக்கின்றன. கடல்நீர் வழக்கமான உச்சத்தைவிட 1 டிகிரி கூடிச் சில வாரம் அப்படியே நின்றால் போதும். வீட்டுத் தொட்டியோ, மோட்டார்களும் விளக்கும் சேர்ந்து அறையின் சூட்டுக்கு மேலும் ஓரிரு டிகிரி ஏற்றிவிடும். சில்லர் வாங்கப் பணமில்லை என்று விசிறி மாட்டுகிறார்கள். நல்ல யோசனைதான், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் விசிறி தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிரவைக்கிறது. தண்ணீர் போகும், உப்பு தங்கும். தினமும் நன்னீர் ஊற்றி ஈடுசெய்யாவிட்டால் பவளம் சூட்டிலிருந்து தப்பி உப்பில் மாட்டிக்கொள்ளும். அந்த நன்னீரையும் குழாயிலிருந்து நேரே பிடித்து ஊற்றக்கூடாது. இங்கே குழாய்நீரில் குளோரமின் இருக்கிறது. கரி வடிகட்டியும் ஆர்ஓ சவ்வும் உள்ள கருவியில் வடித்த தண்ணீர்தான் வேண்டும்.

இனி, பாசி என்ற பெயரில் வருபவற்றுக்கு வருவோம். புதுத் தொட்டியில் மணல்மேல் காப்பித்தூள் தூவியதுபோல் வருவது டயட்டம். சிலிக்கேட் தீர்ந்ததும் சில வாரத்தில் தானே போய்விடும், ஒன்றும் செய்ய வேண்டாம். கருஞ்சிவப்பாகப் பாய்போல் படிந்து, நுனியைப் பிடித்து இழுத்தால் தகடாக உரிந்து வருவது சயனோ. அது பாக்டீரியா வகை. நீரோட்டம் எட்டாத மூலையில், அழுகிய தீவனத்தின்மேல் வளரும். பச்சை மயிர்ப்பாசி, கோலிக்குண்டு போன்ற வலோனியா, இறகு போன்ற பிரையாப்சிஸ் எல்லாம் நிஜமான பாசிகள். நான் அதிகம் சொல்ல விரும்புவது இவற்றைப் பற்றி அல்ல, டைனோ என்ற நீந்தும் நுண்ணுயிர் பற்றித்தான்.

ஒரு பொறியியல் மாணவர் வந்தார். அவர் தொட்டியின் மணல், பாறை, பவளக் கிளை எல்லாவற்றிலும் பழுப்புநிறச் சளி. நூல்நூலாகத் தொங்கியது, நூலின் நுனியில் காற்றுக் குமிழி. நத்தைகள் செத்துக்கொண்டிருந்தன. கடையில் சிவப்புப் பாசிக்கான மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஊற்றியதும் சளி இரண்டு மடங்காகிவிட்டது. தண்ணீரைச் சோதித்தால் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம்.

“அங்கிள், இதைவிடச் சுத்தமா எப்படி வைக்கிறது?” என்றார்.

“சுத்தம் கூடிப்போச்சு தம்பி, அதுதான் கோளாறு” என்றேன்.

அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. கொஞ்சம் சளியை உறிஞ்சி எடுத்துச் சிறிய கண்ணாடிக் குப்பியில் போட்டு நன்றாகக் குலுக்கச் சொன்னேன். காப்பி வடிகட்டும் தாளில் வடித்து, வடிந்த தண்ணீரை மேசை விளக்கின் கீழ் வைத்தோம். தெளிந்த தண்ணீர்தான். பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தத் தண்ணீருக்குள் பழுப்பு இழைகள் மறுபடி திரண்டு நின்றன. பாசி அப்படிச் சேராது, சயனோவும் சேராது. தனித்தனியாக நீந்தி வந்து கூடுவது டைனோ. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். நீர்த்துளி வடிவில், ஒரு முனையைக் கட்டிப்போட்டது மாதிரி அந்த இடத்திலேயே சுழன்றுகொண்டிருந்தது. ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற இனம். நத்தைகளைக் கொன்றது அதன் நஞ்சு.

டைனோ எல்லாத் தொட்டியிலும் கொஞ்சம் இருக்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஓரளவு இருந்தால் மற்ற பாசிகளும் பாக்டீரியாவும் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதைத் தலையெடுக்க விடுவதில்லை. இரண்டையும் துடைத்து எடுத்துவிட்டால் போட்டியாளர்கள் பட்டினியால் போய்விடுவார்கள். டைனோ மட்டும் பாக்டீரியாவைத் தின்றாவது பிழைத்துக்கொள்ளும். மருந்து ஊற்றி சயனோவை ஒழித்தபோது மிச்சமிருந்த போட்டியும் போயிற்று. அந்தப் பையன் பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையை இரண்டு பங்கு போட்டிருந்தார், கழிவை நுரையாக்கி நீக்கும் ஸ்கிம்மரை இரவு பகலாக ஓட்டியிருந்தார், மீனுக்குத் தீவனத்தையும் குறைத்திருந்தார். எல்லாம் பாசி வந்துவிடுமோ என்ற பயத்தில்.

குருணையை எடுக்கச் சொன்னேன். ஸ்கிம்மரைப் பகலில் நிறுத்தி, மீனுக்கு வயிறாரப் போடச் சொன்னேன். தண்ணீர் மாற்ற வேண்டாம் என்றேன். நைட்ரேட் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை ஏறட்டும். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் மணலை விட்டு நீரில் மிதக்கும் இனம் என்பதால் புறஊதா விளக்குக் கருவியை இரவில் ஓட்டினால் மாட்டிக்கொள்ளும். மணலைவிட்டு எழும்பாத ஆம்ஃபிடினியமாக இருந்தால் அந்த விளக்கால் பயனில்லை. இதற்காகத்தான் மருந்துக்கு முன் நுண்ணோக்கி வேண்டும் என்கிறேன். சில வாரங்கள் பிடித்தன. சளி போன இடத்தில் பச்சைப் பாசி மெல்லியதாக வந்தது. அதைக் கண்டு அவர் பதறினார், நான் மகிழ்ந்தேன்.

பூஜ்யத்தைத் துரத்தும் இந்தப் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எதிர்க்க அறிவியல் ஆதாரமும் இருக்கிறது. சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மான் குழுவினர் 2013ல் வெளியிட்ட ஆய்வில், நைட்ரேட் இருந்து பாஸ்பேட் பற்றாக்குறையாகும்போது பவளம் சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் எளிதில் வெளுத்துவிடுவதைக் காட்டினார்கள். உள்ளிருக்கும் நுண்பாசி நைட்ரேட்டைத் தின்று பெருகுகிறது, பாஸ்பேட் இல்லாமல் அதன் சவ்வுகள் கோணலாகின்றன. அதாவது பாசிக்குப் பயந்து பாஸ்பேட்டை ஒரே நாளில் வழித்தெடுப்பவர் பவளத்தைத் தன் கையாலேயே வெளுக்க வைக்கிறார்.

பாசி ஒன்றும் செய்யாது என்றும் நான் சொல்லவில்லை. 2006ல் ஜெனிஃபர் ஸ்மித், ஃபாரஸ்ட் ரோவர் முதலானோர் பவளத்தையும் பாசியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நடுவே மிக நுண்ணிய வடிகட்டியைத் தடுப்பாகப் போட்டார்கள். பாசி தொடாமலே பவளம் செத்தது. பாசியிலிருந்து கசியும் சர்க்கரையைத் தின்று பவளத்தின் மேலிருந்த பாக்டீரியா பெருகி, ஆக்சிஜனைக் குடித்துவிட்டது. எனவே பாசியை அகற்றத்தான் வேண்டும். எதைக்கொண்டு என்பதுதான் கேள்வி.

கையையும் வாயையும் கொண்டு என்பேன். கை நம்முடையது, வாய் மேய்கிற உயிர்களுடையது. கரீபியன் கடலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1983ல் பனாமா அருகே தொடங்கிய ஏதோ ஒரு நோய், டயடெமா என்ற நீண்ட முள் கடல்முள்ளெலிகளை ஏறத்தாழ ஓராண்டுக்குள் அந்தக் கடல் முழுக்கக் கொன்று தீர்த்தது. பத்தில் ஒன்பதுக்கு மேல் செத்தன. பாசி மேயும் மீன்களை மனிதர்கள் முன்பே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980ல் அடித்த ஆலன் சூறாவளியில் பவளங்கள் ஏற்கெனவே உடைந்து கிடந்தன. ஜமைக்காவில் 1970களின் பிற்பகுதியில் ஏறக்குறைய 52 விழுக்காடாக இருந்த பவளப் பரப்பு 1990களின் தொடக்கத்தில் 3 விழுக்காடாகிவிட்டது என்று டெரன்ஸ் ஹியூஸ் 1994ல் எழுதினார். மிச்ச இடமெல்லாம் பாசி. அவ்வளவு பெரிய கடலையே மேய்கிறவர்கள்தான் காத்துவந்தார்கள் என்றால், நம் வீட்டுத் தொட்டியில் நத்தைக்கு இடமில்லாமல் புட்டிக்கு மட்டும் எப்படி இடம் வந்தது?

ட்ரோக்கஸ் நத்தை வாங்குங்கள். டர்போவும் நன்றாக மேயும், ஆனால் கவிழ்ந்து விழுந்தால் திரும்ப எழுந்துகொள்ளச் சிரமப்பட்டுச் செத்துப்போகும். ட்ரோக்கஸ் தானே புரண்டு எழுந்துவிடும். நீண்ட மயிர்ப்பாசியைப் பெரும்பாலான நத்தைகள் தொடாது. முதலில் பாறையை வெளியே எடுத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, அந்த அழுக்கைத் தனி வாளித் தண்ணீரில் அலசி, கட்டையாக்கிக் கொடுத்தால் மிச்சத்தை நத்தை பார்த்துக்கொள்ளும். வாரந்தோறும் கார அளவைச் சோதித்து எழுதி வையுங்கள். 7 முதல் 9 டிகேஎச் வரை எந்த எண்ணும் சரிதான். அது அங்கேயே நிற்பதுதான் முக்கியம். குறைந்திருந்தால் ஒரே நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஆறாக இருந்ததை ஒரே இரவில் ஒன்பதாக்கி, காலையில் அக்ரோபோரா பவளத்தின் நுனியெல்லாம் கருகி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

பொறுமை நமக்குப் புதிதும் அல்ல. 1961ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்ப்பாறையும் காற்றுக் குமிழியும் சூரிய வெளிச்சமும் மட்டும் கொண்டு பவளம் வளர்க்கும் முறையை அமெரிக்க இதழ் ஒன்றில் எழுதினார். கடற்பாறையில் ஒட்டியிருக்கும் உயிர்களே தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்ற அந்த அடிப்படையின் மேல்தான் இன்றைய தொட்டிகளெல்லாம் நிற்கின்றன. பக்கத்துத் தீவில் பிறந்த அறிவு அது. அந்தப் பாறையில் வாழும் பாக்டீரியாவைத்தான் இப்போது எரித்ரோமைசின் போட்டுக் கொல்கிறார்கள்.

ஆம், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துதான். சயனோவுக்கு அதைப் போடச் சொல்லி ஒருவருக்கொருவர் யோசனை சொல்கிறார்கள். சயனோ இரண்டே நாளில் மறைந்துவிடும். செத்தது தண்ணீரில் கரைய, ஆக்சிஜன் சட்டென்று இறங்க, மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். நீரோட்டம் படாத மூலை அப்படியே இருப்பதால் மாதம் திரும்புவதற்குள் சயனோவும் திரும்பிவிடும். மருந்து கலந்த தண்ணீர் குளியலறைச் சாக்கடையில் போகிறது. மனிதர்களுக்கான மருந்துகள் பலனிழந்து வருவதாக மருத்துவர்கள் எச்சரிக்கும் காலத்தில், அழகுக்காக வைத்த தொட்டிக்கு அதைக் கொட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. இதைத் தடுக்கும் பொறுப்பு விற்பவருக்கும் உண்டு. நான் ஒப்புக்கொள்ளும் விதிவிலக்கு பிரையாப்சிஸ். பாறைக்குள் பிடித்துக்கொண்டு பிடுங்கப் பிடுங்க வரும் அதற்கு, பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல் கேட்கிறது. அதையும் எல்லா வழியும் பார்த்து முடித்த பிறகு, அளந்து, கரி போட்டு உறிஞ்சி எடுத்துவிடும் ஏற்பாட்டோடு.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். அய்ப்டேசியா என்ற சின்னஞ்சிறு கடற்சாமந்தி பாறையோடு வந்து பெருகும். வெட்டினால் ஒவ்வொரு துண்டும் தனியாக வளரும். அதை மட்டுமே தின்னும் பெர்கியா என்ற ஓடில்லாத நத்தையோ, மிளகுக்கீரை இறாலோ போதும். ஆனால் எரிச்சலில் சிலர் பாறையை எடுத்துக் கொதிக்கும் நீரில் போட்டுவிடுகிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். அந்தப் பாறையில் பவளத்துக்கு உறவான பாலித்தோவா என்ற உயிரி ஒட்டியிருக்கலாம். அதில் உள்ள பாலிடாக்சின், உயிரினங்கள் உண்டாக்கும் நஞ்சுகளிலேயே மிகக் கொடியவற்றில் ஒன்று. கொதிக்கிற நீராவியோடு காற்றில் கலந்து மூச்சில் ஏறும். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், வாயில் உலோகச் சுவை, கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. 2018ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷரில் வீட்டுத் தொட்டியின் பவளத்தைச் சுத்தம் செய்தபோது இந்த நஞ்சு வெளிப்பட்டு, அந்தக் குடும்பத்தினரும் உதவிக்கு வந்த தீயணைப்பாளர்களும் மருத்துவமனைக்குப் போகவேண்டி வந்தது. பாலித்தோவாவையோ அதன் உறவான ஜோவாவையோ எதைத் தொட்டாலும் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். உலர்ந்த பாறையைச் சுரண்டவும் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

பிடுங்கிய பாசியைக் கடலிலோ கால்வாயிலோ எறியவும் வேண்டாம். காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்ற தொட்டிப்பாசி 1984ல் மொனாக்கோ கடல்காட்சியகத்துக்குக் கீழே கடலில் சிறு திட்டாகத் தென்பட்டது; பிறகு மத்தியதரைக் கடலின் கரையெங்கும் பரவியது. 2000ல் கலிஃபோர்னியாவின் உப்பங்கழிகளில் அதே பாசி தலைகாட்டியபோது, தார்ப்பாய் போர்த்தி உள்ளே குளோரின் செலுத்தி ஒழிக்க ஆறு ஆண்டுகளும் 70 இலட்சம் டாலருக்கு மேலும் ஆயின. நாம் செய்ய வேண்டியதோ பையில் கட்டி ஒரு நாள் உறைபெட்டியில் வைத்து, பிறகு குப்பையில் போடுவது மட்டுமே.

தமிழகத்து உறவினர்கள் என் தொட்டியைப் பார்த்துவிட்டு அங்கேயும் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். இந்தியாவில் கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். இங்கே முறையான அனுமதியோடு இறக்குமதியாகிறது என்பதால் நமக்குக் கடமை கூடுகிறது, குறைவதில்லை. கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. பவளம் வாங்க வருபவரிடம் தொட்டி வைத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கேளுங்கள். ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிச் சோதியுங்கள். பாசிக்கொல்லி கேட்டு வருபவரிடம் நைட்ரேட், பாஸ்பேட் எண்களைக் கேட்காமல் புட்டியை எடுத்து நீட்டாதீர்கள். பாலித்தோவா போடும் பையின்மேல் “கொதிநீர் கூடாது, கையுறை அணிக” என்று நான்கு மொழிகளிலும் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுங்கள்.